'பம்ப் ஸ்டாக்': ஒரு பிளாஸ்டிக் கட்டைக்கு அமெரிக்கா விதித்த தடை ஏன் நிற்கவில்லை?

ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதற்குள் தோட்டா போகாது. தனியாக மேசைமேல் வைத்தால் யாருக்கும் அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அதைத் துப்பாக்கியின் பின்பகுதியில் மாட்டினால் கதையே வேறு. நிமிடத்துக்கு 400 முதல் 800 தோட்டாக்கள் வரை பாயலாம்.

அதன் பெயர் 'பம்ப் ஸ்டாக்'. 2019-இல் அமெரிக்க மத்திய அரசாங்கம் அதைத் தடை செய்தது. 2024-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

செய்தியைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? "அமெரிக்காவில் துப்பாக்கி உரிமைதான் எப்போதுமே ஜெயிக்கும்" என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு துப்பாக்கி உரிமையைப் பற்றியதே அல்ல. சட்டத்தில் இருக்கும் ஒரு வரிக்கு என்ன பொருள், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அங்கே கேள்வி. துப்பாக்கியின் துணைப்பாகங்கள் பற்றிய விவாதம் முழுவதுமே இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பம்ப் ஸ்டாக் என்றால் என்ன?

முதலில் இரண்டு வகைத் துப்பாக்கிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, இயந்திரத் துப்பாக்கி. விசையை ஒரு முறை அழுத்திப் பிடித்தால் போதும். விரலை எடுக்கும்வரை தோட்டாக்கள் பாய்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, பாதித் தானியங்கித் துப்பாக்கி. ஒரு முறை விசையை இழுத்தால் ஒரே ஒரு தோட்டாதான். அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரும். ஆனால் அதைச் சுட மீண்டும் விசையை இழுக்க வேண்டும். அமெரிக்காவில் பிரபலமான ஏஆர்-15 இந்த வகை.

துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைக்கும். பம்ப் ஸ்டாக் பயன்படுத்திக்கொள்வது அந்த உதைப்பைத்தான். கட்டைக்குள் துப்பாக்கி முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். சுடுபவரின் விரல் ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை துப்பாக்கி முன்னால் வரும்போதும் விசை போய் விரலில் மோதும். மோதும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா பாயும்.

கவனிச்சீங்களா? விரல் அசையவில்லை. ஆனால் விசை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக இயங்குகிறது. இந்தச் சின்ன வேறுபாடுதான் பிறகு உச்ச நீதிமன்றம்வரை போனது.

1934-இல் எழுதிய ஒரு வரி

அமெரிக்காவில் 1920-களில் குண்டர் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கிகளுடன் தெருவில் மோதிக்கொண்டன. அதன் விளைவாக 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. விசை ஒரே ஒரு முறை இயங்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைத் தானாகச் சுடும் ஆயுதம்தான் இயந்திரத் துப்பாக்கி என்று அது வரையறுத்தது.

அத்தகைய ஆயுதங்களுக்கு அந்தச் சட்டம் முழுத் தடை விதிக்கவில்லை. பதிவு செய்ய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. இன்றைய மதிப்பில் அது 4,000 டாலரைத் தாண்டும். அன்றைக்குச் சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

1968-இல் இன்னொரு மாற்றம் வந்தது. சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றும் பாகமும் இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்படும் என்று சட்டம் விரிவாக்கப்பட்டது. 1986-இல், புதிதாகத் தயாரிக்கப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருப்பதற்கே தடை வந்தது. மீறினால் 10 ஆண்டுவரை சிறை.

ஆக, ஒரு துணைப்பாகம் 'இயந்திரத் துப்பாக்கி' என்ற சொல்லுக்குள் வந்துவிட்டால் அது கடுமையான குற்றம். வராவிட்டால் கடையில் வாங்கும் சாதாரணப் பொருள். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த 1934 வரி மட்டும்தான்.

விற்பனைக்கு அனுமதி கொடுத்தது யார்?

துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் அமைப்பு ஏடிஎஃப். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு அது.

2006-இல் ஒரு நிறுவனத்தின் சாதனத்தை ஏடிஎஃப் ஆராய்ந்தது. அதற்குள் ஒரு சுருள்கம்பி இருந்தது. துப்பாக்கியைத் திரும்பத் திரும்ப முன்னுக்குத் தள்ளியது அந்தக் கம்பிதான். எனவே, அது இயந்திரத் துப்பாக்கி என்று அமைப்பு முடிவு செய்தது.

உற்பத்தியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுருள்கம்பியை எடுத்துவிட்டார்கள். துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளும் வேலையைச் சுடுபவரின் இன்னொரு கை செய்யும்படி வடிவமைத்தார்கள். கைகளை எளிதில் அசைக்க முடியாதவர்களுக்கு உதவும் கருவி என்றும் விளக்கம் தந்தார்கள். 2010-இல் ஏடிஎஃப் அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. 2008-க்கும் 2017-க்கும் இடையில் 10-க்கும் மேற்பட்ட முறை, சுருள்கம்பி இல்லாத பம்ப் ஸ்டாக் இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று அது சொல்லியிருக்கிறது.

அதாவது, மக்கள் கள்ளத்தனமாக வாங்கவில்லை. அரசாங்க அமைப்பே சரி என்று சொன்ன பொருளைத்தான் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

லாஸ் வேகஸ் எல்லாவற்றையும் மாற்றியது

2017 அக்டோபர் 1. லாஸ் வேகஸ் நகரில் திறந்தவெளி இசை விழா. கிட்டத்தட்ட 22,000 பேர் கூடியிருந்தார்கள். அருகிலிருந்த மாண்டலே பே ஹோட்டலின் 32-ஆம் மாடியிலிருந்து ஒருவர் கூட்டத்தை நோக்கிச் சுட்டார். சுமார் 10 நிமிடத்தில் 1,000-க்கும் அதிகமான தோட்டாக்கள். பம்ப் ஸ்டாக் பொருத்திய துப்பாக்கிகள் அவர் அறையில் இருந்தன.

அன்று 58 பேர் மாண்டனர். காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் 60 பேர். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

அதுவரை பெரும்பாலான அமெரிக்கர்கள் பம்ப் ஸ்டாக் என்ற சொல்லையே கேள்விப்பட்டதில்லை. ஒரே இரவில் அது எல்லார் வாயிலும் வந்தது. துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கம்கூட, கூடுதல் கட்டுப்பாடு தேவையா என்று ஏடிஎஃப் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது.

அங்கேதான் ஒரு முக்கியமான திருப்பம். இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி: நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றுவது. செனட்டர் டயன் ஃபைன்ஸ்டைன் சில நாள்களிலேயே மசோதாவைத் தாக்கல் செய்தார். இது உறுதியான வழி. ஆனால் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது தொகுதிக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி: பழைய சட்டத்துக்கு ஏடிஎஃப் புது விளக்கம் கொடுப்பது. வாக்கெடுப்பு தேவையில்லை. யாரும் சங்கடப்பட வேண்டாம்.

2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் உயர்நிலைப் பள்ளியொன்றில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாளில், அதிபர் டோனல்ட் டிரம்ப் பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்யும் விதிமுறையைக் கொண்டுவரும்படி நீதித் துறைக்கு உத்தரவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டது இரண்டாவது வழி.

புது விளக்கம் இதுதான்: சுடுபவர் விசையை ஒரு முறை இழுத்து விரலை அப்படியே வைத்திருந்தால் தொடர்ந்து சுடுகிறது, எனவே இது இயந்திரத் துப்பாக்கி. 2019 மார்ச் 26-இல் விதி நடப்புக்கு வந்தது. அப்போது மக்களிடம் 280,000 முதல் 520,000 பம்ப் ஸ்டாக்குகள் வரை இருந்ததாக ஏடிஎஃப் கணித்தது. ஒன்று, அழிக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒப்படைக்க வேண்டும். இழப்பீடு கிடையாது.

நீதிமன்றத்தில் எளிதாக எதிர்க்கப்படும், சட்டமே பாதுகாப்பு என்று ஃபைன்ஸ்டைன் போன்றவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னதுதான் நடந்தது.

இரு பக்கத்தினரும் என்ன சொல்கிறார்கள்?

டெக்சஸின் ஆஸ்டின் நகரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர் மைக்கல் கார்கில். அவர் தம்மிடமிருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்குகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். பிறகு வழக்குப் போட்டார்.

அவர் தரப்பின் கேள்வி இது: நேற்றுவரை சட்டபூர்வம் என்று நீங்களே எழுதிக்கொடுத்த பொருள், ஒரு வரி சட்டம்கூட மாறாமல் இன்று எப்படி 10 ஆண்டு சிறைக்குரிய குற்றமாகும்? இன்றைய அதிபரின் அதிகாரிகள் ஒரு விளக்கம் கொடுப்பார்கள், நாளைய அதிபரின் அதிகாரிகள் இன்னொன்று கொடுப்பார்கள் என்றால் மக்கள் எதை நம்பி நடப்பது?

துப்பாக்கியே பிடிக்காதவர்கள்கூட இதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். குற்றம் எது என்பதை முடிவு செய்வது யார் என்ற கேள்வி, துப்பாக்கியோடு நின்றுவிடாது.

அரசாங்கத் தரப்பின் வாதமும் லேசானதல்ல. 1934-இல் நாடாளுமன்றம் தடுக்க நினைத்தது என்ன? சிறிது நேரத்தில் ஏராளமானோரைச் சுட்டு வீழ்த்தும் ஆற்றலை. லாஸ் வேகஸில் நடந்தது அதேதான். சுருள்கம்பியை எடுத்துவிட்டு அந்த வேலையை இன்னொரு கைக்குக் கொடுத்துவிட்டால் சட்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்றால், அந்தச் சட்டம் எதற்கு? விழாவில் பாட்டுக் கேட்கப் போனவர்களுக்கு, பாய்ந்து வந்த தோட்டா எந்த இயந்திர நுட்பத்தில் வந்தது என்பதால் ஒரு வித்தியாசமும் இல்லை.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

2024 ஜூன் 14-இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரென்ஸ் தாமஸ். விசை எப்படி இயங்குகிறது என்பதை விளக்க, தீர்ப்பிலேயே படங்களைச் சேர்த்திருந்தார். அவர் கணக்கு எளிமையானது: பம்ப் ஸ்டாக் இருந்தாலும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒரு முறை விடுபட்டு, மீண்டும் இயங்குகிறது. எனவே ஒரு இயக்கத்துக்கு ஒரு தோட்டாதான். மேலும், சுடுபவர் மற்றொரு கையால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் 'தானாக' என்பதும் பொருந்தாது.

எதிர்த் தரப்பில் நீதிபதி சோனியா சோட்டொமாயோர். தமது மாறுபட்ட கருத்தை நீதிமன்றத்தில் வாய்விட்டே வாசித்தார். நீதிபதிகள் அடிக்கடி செய்யாத காரியம் அது. அவர் விசையைவிட, சுடுபவரைப் பார்த்தார். சுடுபவர் ஒரு முறை இழுக்கிறார், பிறகு கையை முன்னுக்கு அழுத்திப் பிடித்திருந்தால் போதும், தோட்டா மழை கொட்டுகிறது. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் கத்துவதற்கும் வாத்து மாதிரி இருந்தால் அது வாத்துதான் என்பது அவர் வாதம்.

ஒரே வரி. ஒருவர் இயந்திரத்தின் உள்ளே பார்க்கிறார். இன்னொருவர் சுடுபவரின் கையையும் அதன் விளைவையும் பார்க்கிறார்.

பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி சாமுவேல் அலிட்டோ, தனியாக ஒரு சிறு குறிப்பு எழுதினார். 1934-இல் சட்டம் எழுதியவர்களுக்குப் பம்ப் ஸ்டாக்குக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எழுதப்பட்ட சொல் எழுதப்பட்டதுதான், வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்றார்.

இதைக் கவனியுங்கள். பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஏடிஎஃப் அதைச் செய்ய முடியாது என்றுதான் சொன்னது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த வழக்கில் பிரச்சினையாகவே எழவில்லை.

அப்போ நாடாளுமன்றம் திருத்தியதா?

இல்லை. தீர்ப்பு வந்த நான்காம் நாள், ஜனநாயகக் கட்சியின் செனட்டர் மார்ட்டின் ஹைன்ரிச், எல்லாரும் ஒப்புக்கொண்டு மசோதாவை உடனே நிறைவேற்றலாம் என்று கேட்டார். அந்த முறையில் ஒருவர் எதிர்த்தாலே போதும், மசோதா நின்றுவிடும். குடியரசுக் கட்சியின் பீட் ரிக்கெட்ஸ் எதிர்த்தார். மசோதா பம்ப் ஸ்டாக்கோடு நிற்காமல் வேறு பல துணைப்பாகங்களையும் வளைக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. 15-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பம்ப் ஸ்டாக்கைத் தடுக்கும் சொந்தச் சட்டங்கள் இருந்தன. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா 2019-இல் சட்டம் இயற்றியது. ஃபுளோரிடாவில், பார்க்லண்ட் சம்பவத்துக்கு அடுத்த மாதமே, குடியரசுக் கட்சி ஆளுநர் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்தச் சட்டங்களை ரத்து செய்யவில்லை. காரணம், அவை வாக்கெடுப்பு நடத்தி இயற்றப்பட்ட சட்டங்கள். 1934 வரியை நம்பி நிற்கவில்லை.

பம்ப் ஸ்டாக்கோடு முடிகிறதா?

முடியவில்லை. வேறு சில பொருள்களையும் பாருங்கள்.

வேகமாகத் திரும்பும் விசை: சுட்டவுடன் விசையைத் தானாகவே முன்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவுக்குத் தயார் செய்யும் பாகம். இயந்திரத் துப்பாக்கி என்று ஏடிஎஃப் சொன்னது. தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். பம்ப் ஸ்டாக் தீர்ப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. 2025 மே மாதம் டிரம்ப் அரசாங்கம் சமரசம் செய்துகொண்டது. கைத்துப்பாக்கிக்கு அத்தகைய விசையைத் தயாரிப்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கைத்தாங்கி: கைத்துப்பாக்கியை முன்னங்கையில் கட்டிப் பிடிக்க உதவும் பாகம். தோளில் அணைத்துச் சுடவும் அதைப் பயன்படுத்தலாம். அப்படிப் பார்த்தால் அது குட்டையான ரைஃபிள், பதிவு தேவை என்று 2023-இல் ஏடிஎஃப் விதித்தது. 2024 ஜூனில், டெக்சஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது.

சைலன்சர்: இதற்கும் 1934 முதல் அதே 200 டாலர் வரிதான். காதைப் பாதுகாக்கும் கருவி என்பார்கள் ஆதரவாளர்கள். சுடும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினமாகும் என்பார்கள் எதிர்ப்பாளர்கள். 2025 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. பதிவு செய்யும் கடமை மட்டும் நீடிக்கிறது.

நாடாளுமன்றத்தால் முடிவெடுக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது, பாருங்க! கட்டுப்பாட்டைத் தளர்த்த வாக்கு கிடைத்தது.

அடுத்தது, உதிரிபாகப் பெட்டி. வீட்டிலேயே பூட்டித் துப்பாக்கியாக்கும் பாகங்கள் அடங்கியது. வரிசை எண் இருக்காது, யாருடையது என்று தடம் பிடிக்க முடியாது. 2022-இல் ஏடிஎஃப் இவற்றுக்கும் துப்பாக்கிச் சட்டம் பொருந்தும் என்றது. அதே உச்ச நீதிமன்றம், 2025 மார்ச் 26-இல், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது!

ஏன் இந்த வித்தியாசம்? 1968 சட்டத்தின் சொற்கள். எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பொருளையும் அந்தச் சட்டம் துப்பாக்கி என்றே அழைத்தது. நீதிபதி நீல் கோர்சச் ஓர் உதாரணம் தந்தார்: இக்கியாவில் பாகங்களாக வாங்கிவரும் மேசையையும் நாம் மேசை என்றுதானே சொல்கிறோம்?

ஆகவே, நீதிமன்றம் எப்போதும் துப்பாக்கிக்காரர்கள் பக்கம் என்ற கணிப்பு இங்கே எடுபடாது. சட்டத்தின் சொல் அகலமாக இருந்தால் விதி நிற்கிறது. குறுகலாக இருந்தால் விழுகிறது.

சரி, இது நமக்கு எதற்கு?

சிங்கப்பூரில் கடையில் போய்த் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் சட்டத்தின் சொல்லைவிடப் பொருள் வேகமாக மாறுவது நமக்கும் தெரிந்த கதைதான்.

'கேபாட்' விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். மின்சிகரெட்டுக்கு இங்கே ஏற்கெனவே தடை. ஆனால் அதற்குள் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலக்க ஆரம்பித்தார்கள். அந்த மருந்து, நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ்தான் இருந்தது. போதைப்பொருளுக்கான கடுமையான தண்டனையும் மறுவாழ்வு நடைமுறையும் அதற்குப் பொருந்தவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அது போதைப்பொருள் பட்டியலில் 'சி' பிரிவில் சேர்க்கப்பட்டது. பொருள் மாறியது, பட்டியலும் மாறியது.

அமெரிக்காவில் பம்ப் ஸ்டாக்குக்கு நடக்காதது அந்த இரண்டாவது பாதிதான். பொருள் மாறியது. வரி மாறவில்லை. மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் வாக்களிக்கத் தயங்கி, அதிகாரம் குறைந்தவர்களிடம் வேலையைத் தள்ளினார்கள். தடை வந்தது போலத் தெரிந்தது. ஐந்து ஆண்டுகளில் அது கலைந்துபோனது.

அதற்கு விலை கொடுத்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அரசாங்கத்தை நம்பி வாங்கிய பொருளை இழப்பீடின்றி அழித்தவர்கள் ஒரு பக்கம். லாஸ் வேகஸில் உறவைப் பறிகொடுத்து, இனி இது இன்னொருவருக்கு நடக்காது என்று நம்பியவர்கள் மறுபக்கம். இரு இழப்பும் சமம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இருவருக்குமே தேவைப்பட்டது ஒன்றுதான்: தெளிவாக எழுதி, பெயர் சொல்லி வாக்களித்து, அடுத்த அதிபர் வந்தாலும் மாறாத ஒரு சட்டம்.

அடுத்த முறை "அமெரிக்கா இன்னொரு துப்பாக்கிப் பாகத்தைத் தடை செய்தது" என்றோ, "நீதிமன்றம் தடையை நீக்கியது" என்றோ செய்தி வந்தால், தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். தடை விதித்தது யார்? எந்தச் சட்டத்தின் எந்தச் சொல்லை வைத்து? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், அந்தத் தடை எத்தனை நாள் நிற்கும் என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம்.